கம்பஸ் போகுமுன் ஆங்கிலத்துக்கு ஒரு வழி

ஏ.எல். முடித்துவிட்டு கம்பஸ் அனுமதிக்குக் காத்திருக்கிறீர்களா? வெள்ளவத்தையில் ஸ்போக்கன் இங்கிலிஷ் போர்டுகளுக்குக் குறைவில்லை. காசு கட்டுமுன் இதைச் செய்து பாருங்கள். கல்வி வெளியீட்டுத் திணைக்களத்தின் இணையதளத்தில் 11ஆம் தர விஞ்ஞானப் புத்தகத்தை ஆங்கில மொழிமூலத்தில் இலவசமாக இறக்கலாம். தமிழில் படித்த அதே பாடம்தான். விஷயம் ஏற்கனவே தெரியும் என்பதால் கவனம் மொழியில் நிற்கும்.

ஒளித்தொகுப்புப் பாடத்தில் இலையை அவித்து, மதுசாரத்தில் இட்டு, அயடீன் விடும் பரிசோதனை நினைவிருக்கும்தானே? அதை வாசித்து, புத்தகத்தை மூடிவிட்டு, ஆங்கிலத்தில் ஆறேழு வரி எழுதுங்கள். அப்புறம் திறந்து ஒப்பிடுங்கள். கம்பஸ் ஆய்வுகூட அறிக்கைகளில் பெரும்பாலும் வரும் செயப்பாட்டுவினை நடை இப்படித்தான் கைக்கு வரும். கலைப்பிரிவென்றால் வரலாற்றுப் புத்தகம். எழுதியதை வாய்விட்டும் வாசியுங்கள். வீட்டில் சிரித்தால் சிரிக்கட்டும்.