வாரிசுச் சான்று விசாரணை: ‘நேரில் விசாரித்ததில்’ என்று எழுதும் முன்

வாரிசுச் சான்றுக்கான அறிக்கைகள் பெரும்பாலும் ‘நேரில் விசாரித்ததில்’ என்றுதான் தொடங்கும். கிராம நிர்வாக அலுவலராகச் சேர்ந்து வருவாய் ஆய்வாளராக ஓய்வு பெற்றவன் நான். அவற்றில் எத்தனை டீக்கடை பெஞ்சில் எழுதப்பட்டவை என்று எனக்குத் தெரியும். நானும் எழுதியிருக்கிறேன். புதிதாகப் பணியில் சேர்ந்திருக்கும் தம்பி தங்கைகளே, அந்த இரண்டு சொல் பொய்யாகாமல் இருக்கச் செய்ய வேண்டியவற்றைச் சொல்கிறேன்.

இறந்தவர் வாழ்ந்த வீட்டுக்கே போங்கள். மனுதாரரை அலுவலகத்துக்கு வரச் சொன்னால், தனக்கு வேண்டிய சாட்சிகளைத்தான் கூட்டி வருவார். வீட்டில் குடும்ப அட்டையைக் கையில் திணிப்பார்கள். வாங்கிப் பாருங்கள், அதோடு நின்றுவிடாதீர்கள். கல்யாணமான பெண்ணின் பெயரை நீக்கிப் புகுந்த வீட்டு அட்டையில் சேர்த்திருப்பார்கள். அது அரிசி வாங்குவோர் பட்டியல், அவ்வளவுதான்.

‘எத்தனை பிள்ளைகள்?’ என்று கேட்காதீர்கள். ஆண்பிள்ளைகளை மட்டும் எண்ணிச் சொல்பவர்கள் இன்னும் உண்டு. ‘மூத்தது யார், அடுத்தது யார், பெண்களை எந்த ஊரில் கொடுத்திருக்கிறது?’ என்று வரிசையாகக் கேளுங்கள். பக்கத்து வீட்டில் பெண்களிடம் கேளுங்கள். யார் பிரசவத்துக்கு எப்போது வந்தாள் என்பது வரை சொல்வார்கள். அப்புறம் இறந்தவரின் தாய். 1956-ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டப்படி, ஓர் ஆண் உயில் எழுதாமல் இறந்தால் மனைவி, மகன், மகளோடு பெற்ற தாயும் முதல் வகுப்பு வாரிசு. திண்ணையில் வெற்றிலை இடித்துக்கொண்டிருக்கும் பாட்டியைத் தாண்டித்தான் உள்ளே போயிருப்பீர்கள். அவர் பெயரை யாரும் சொல்ல மாட்டார்கள். முஸ்லிம், கிறிஸ்தவக் குடும்பங்களுக்குச் சட்டம் வேறு.

நான் சறுக்கிய இடத்தையும் சொல்லிவிடுகிறேன். ‘அம்மா, நான், தம்பி, மூன்று பேர்தான்’ என்றார் ஒருவர். ஊரில் மரியாதையான மனிதர். எனக்கோ அன்று ஜமாபந்தி (ஆண்டுதோறும் நடக்கும் கிராம வருவாய்க் கணக்குத் தணிக்கை) வேலை தலைக்கு மேல் இருந்தது. கையெழுத்துப் போட்டுவிட்டேன். இரண்டு ஆண்டு கழித்து ஒரு பெண் என் மேசை முன் வந்து நின்றார். பாலிதீன் உறையிலிருந்து பள்ளி மாற்றுச் சான்றிதழை உருவி வைத்து, தந்தை பெயர் இருந்த இடத்தில் விரலை ஊன்றிக்கொண்டு, ‘ஐயா, நீங்கள் எங்கள் தெருவுக்கு வந்தீர்களா?’ என்று மட்டும் கேட்டார். நான் ஒரு பைசா வாங்கியதில்லை. அதைச் சொல்ல வாய் வரவில்லை. தவறை ஒப்புக்கொண்டு வட்டாட்சியருக்கு எழுதினேன், சான்று ரத்தானது. ஆனால் நிலம் அதற்குள் கைமாறியிருந்தது. அவர் நீதிமன்றப் படி ஏற வேண்டியதாயிற்று.

தொலைபேசியில் ‘அந்தப் பெண்ணின் பெயர் வேண்டாம்’ என்று மேலிருந்து வந்தால் வாதாடாதீர்கள். ‘எழுத்தில் அனுப்புங்கள் ஐயா’ என்று பணிவாகக் கேளுங்கள். பெரும்பாலும் வராது. வாய்மொழி உத்தரவின் பேரில் அதிகாரிகள் செயல்படக் கூடாது என்று டி.எஸ்.ஆர். சுப்பிரமணியன் வழக்கில் 2013-இல் உச்ச நீதிமன்றமே சொல்லியிருக்கிறது. எழுத்தில் வந்தாலும், உங்கள் அறிக்கையில் நீங்கள் கண்டதுதான் இருக்க வேண்டும்.

உறவினர் மனுவாக இருந்தால் மேலதிகாரியிடம் சொல்லி வேறொருவரிடம் விட்டுவிடுங்கள். ‘பெட்ரோல் செலவுக்கு’ என்று நீட்டுகிறவரிடம், ஊழல் தடுப்புச் சட்டத்தின் 2018 திருத்தத்துக்குப் பின் லஞ்சம் கொடுப்பவருக்கும் தண்டனை உண்டு என்று சொல்லிப் பாருங்கள். கை தானாகப் பின்வாங்கும். மோர் குடிக்கலாமா என்று கேட்பீர்கள். வெயிலில் வந்திருக்கிறீர்கள், குடியுங்கள். கிளம்பும்போது வண்டிப் பையில் போடும் தேங்காய்களை மட்டும் எடுத்துத் திண்ணையில் வைத்துவிடுங்கள்.

அண்ணன் தம்பிக்குள் தகராறு என்றால் தீர்ப்புச் சொல்ல உட்காராதீர்கள். இருவர் சொன்னதையும் பதிந்து அனுப்புங்கள். அது உரிமையியல் நீதிமன்றத்தின் வேலை. ஆனால் தகராறு என்ற பெயரில் மனுவைக் கிடப்பில் போடவும் வேண்டாம். கிடக்கிற மனுவைத் தேடித்தான் தரகர் வருவார்.

அறிக்கையை அன்று மாலையே எழுதுங்கள். போன தேதி, நேரம், யார் யாரிடம் கேட்டீர்கள் என்பதெல்லாம் இருக்கட்டும். பார்க்க முடியாதவரைப் பார்த்ததாக எழுதாதீர்கள். ‘இளைய மகள் திருப்பூரில் இருக்கிறார், தொலைபேசியில் விசாரித்தேன்’ என்றால் அப்படியே எழுதி, அவர் எண்ணையும் குறித்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.