முல்கியா புதுப்பிக்கும் முன் பைன்களை முடிப்பது எப்படி? துபாயில் முதல் கார் வாங்கியவர்களுக்கு

துபாயில் வண்டி வைத்திருக்கும் நம்மாட்கள் பலர் பைன் பக்கம் எட்டிப் பார்ப்பது வருடத்தில் ஒரே நாள்தான். முல்கியா (வண்டியின் பதிவு அட்டை) முடியப் போகிறது, 'பாசிங்' (வண்டி டெஸ்ட்) எடுக்கணும் என்று ஓடுகிற நாள். வண்டி டெஸ்டில் ஜம்மென்று பாஸாகிவிடும். ஆனால் வண்டி மேல் பைன் நிலுவை இருந்தால் முல்கியா புதுப்பிக்க முடியாது. புது வண்டிக்கு முதல் 3 வருடம் டெஸ்ட் கிடையாது, பைன் விஷயத்தில் அந்தச் சலுகை இல்லை.

முல்கியா கார்டில் முடியும் தேதியைப் பாருங்கள். அதிலிருந்து 45 நாள் முன்னால் போனில் ஒரு அலாரம் வையுங்கள். முடிந்த பிறகும் ஒரு மாத அவகாசம் உண்டு, இன்சூரன்ஸை 13 மாதத்துக்குப் போடுவதும் அதற்காகத்தான். அந்த ஒரு மாதத்தை நம்பி உட்கார்ந்துவிடாதீர்கள்.

முதலில்: என்னென்ன இருக்கிறது?

துபாய் போலீஸ் ஆப்பைத் திறந்து பைன் விசாரிக்கும் பக்கத்துக்குப் போங்கள். நம்பர் பிளேட், லைசென்ஸ் எண், டிராஃபிக் ஃபைல் எண் என்று தேட சில வழிகள் இருக்கும். புதிதாக வருகிறவர்கள் பிளேட் எண்ணைப் போட்டுப் பார்த்துவிட்டு நிம்மதியாகிவிடுவார்கள். முல்கியாவில் இருக்கும் டிராஃபிக் ஃபைல் எண்ணைப் போட்டும் ஒருமுறை பாருங்கள். வீட்டில் இரண்டு வண்டி உங்கள் பேரில் இருந்தால் இரண்டின் கணக்கும் தெரியும்.

வரும் பட்டியலை இப்படிப் பிரித்துக்கொள்ளுங்கள்:

- காசு மட்டும் கட்ட வேண்டியவை. பார்க்கிங் டிக்கெட் எடுக்காதது 150 திர்ஹம். சாலிக் (துபாய் ரோட்டு டோல்) கணக்கில் காசில்லாமல் கேட்டைத் தாண்டி, 5 வேலை நாளுக்குள் நிரப்பாவிட்டால் 50.
- கரும்புள்ளியோடு வருபவை. சீட் பெல்ட் போடாதது 400 திர்ஹமும் 4 புள்ளியும். வண்டியில் இருப்பவர் யார் போடாவிட்டாலும் ஓட்டுகிறவர் தலையில்தான் விழும்.
- வண்டியைப் பிடித்து வைக்கும் அளவுக்குப் பெரியவை. ரெட் சிக்னலைத் தாண்டியது, வரம்பை விட 60 கி.மீ.க்கு மேல் பறந்தது இதெல்லாம்.

முதல் வகையை அங்கேயே கார்டில் கட்டிவிடலாம். மற்ற இரண்டில் சிலவற்றை ஆன்லைனில் கட்ட விடாது. ஏனென்றால் புள்ளி ஏறுவது ஓட்டியவர் லைசென்ஸில், வண்டியில் இல்லை. யார் ஓட்டினார் என்று நேரில் போய் முடிக்க வேண்டி வரும். மச்சான் ஓட்டியிருந்தால் மச்சானையும் அவர் லைசென்ஸையும் கூட்டிக்கொண்டு போங்கள். பாசத்தில் நீங்கள் ஏற்றுக்கொள்ளாதீர்கள். ஒரு வருடத்தில் 24 புள்ளி சேர்ந்தால் லைசென்ஸே போய்விடும், முதல் தடவை 3 மாதத்துக்கு.

அபுதாபி பைனைத் தனியாகப் பாருங்கள்

எனக்குச் செலவு வைத்த இடம் இது. துபாயில் பலகை 100 என்று சொன்னால் கேமரா 120 வரை பொறுக்கும். அபுதாபி அந்த 20 கி.மீ. சலுகையை 2018 ஆகஸ்டிலேயே எடுத்துவிட்டது. அங்கே பலகையில் 140 என்றால் 140தான். எல்லை தாண்டியதும் கால் அதே பழக்கத்தில் அழுத்தும், வாரக் கடைசியில் போய்வந்தால் ஒன்று விழும்.

அபுதாபி போலீஸ் பைனுக்கு ஒரு தள்ளுபடி உண்டு. 60 நாளுக்குள் கட்டினால் 35 சதவீதம், அதற்குப் பிறகு ஒரு வருடத்துக்குள் என்றால் 25 சதவீதம். பெரிய குற்றங்களுக்கு இது கிடையாது. வரம்பை விட 25 கி.மீ. கூடப் போனதற்கு எனக்கு 600 திர்ஹம் விழுந்திருந்தது. உடனே பார்த்திருந்தால் 390. நான் பார்த்தது முல்கியா நேரத்தில், அதனால் 450. அறுபது திர்ஹத்துக்கு இரண்டு பேர் நல்ல மந்தி (அரபு இறைச்சிச் சோறு) சாப்பிடலாம்.

கட்டும் முன் ஒரு நிமிடம்

தப்பாக விழுந்த பைனும் உண்டு. பார்க்கிங்குக்கு மெசேஜ் அனுப்பும்போது பிளேட்டின் ஆங்கில எழுத்தை மாற்றி அடித்துவிட்டால், காசும் போகும், பைனும் வரும். அப்படி என்றால் காசு போன ரசீதோடு முதலில் ஆட்சேபணை கொடுங்கள். கட்டிவிட்டால் ஒத்துக்கொண்ட மாதிரி ஆகிவிடும். 45 நாள் முன்னால் பார்க்கச் சொன்னது இதற்காகவும்தான், பதில் வர நாளாகும்.

'உங்களுக்கு பைன் இருக்கிறது, இந்த லிங்கில் கட்டுங்கள்' என்று போலீஸ் பேரில் வரும் மெசேஜைத் தொடாதீர்கள். எவ்வளவு அவசரமாக இருந்தாலும் ஆப்பைத் திறந்து அங்கேயே கட்டுங்கள்.

பாசிங் நாள்

கட்டி ஒரு நாள் கழித்து மறுபடி தேடிப் பட்டியல் காலியாகிவிட்டதா பாருங்கள். பிறகு டெஸ்டுக்கு நேரம் பதிவு செய்யுங்கள். வண்டியை எடுக்கும் முன் இரண்டை மட்டும் பாருங்கள். கண்ணாடியில் ஒட்டிய கறுப்பு ஃபிலிம் 50 சதவீதத்தைத் தாண்டக் கூடாது, தாண்டினால் ரோட்டில் 1500 திர்ஹம் பைன். டயரின் பக்கவாட்டில் நாலு இலக்கம் இருக்கும். 2321 என்றால் 2021ஆம் வருடம் 23ஆவது வாரம் செய்தது. 5 வருடம் தாண்டிய டயர் பாஸாகாது, பட்டன் எவ்வளவு புதிதாகத் தெரிந்தாலும் சரி.

டெஸ்ட் பாஸானதும், இன்சூரன்ஸ் கணினியில் ஏறியிருந்தால், ஆர்டிஏ (துபாய் சாலைப் போக்குவரத்து ஆணையம்) ஆப்பிலேயே புதுப்பிக்கலாம். சாதாரணக் காருக்குப் பதிவுக் கட்டணம் 350 திர்ஹம், மேலே சில்லறைக் கட்டணங்கள். கார்டு கையில் வரும்வரை போலீஸ் கேட்டால் ஆப்பில் இருக்கும் முல்கியாவைக் காட்டுங்கள்.