ஊசிக்கு முன்னால் ரத்தம் எடுங்கள்

புதுச்சேரியில் ஓர் ஆஸ்பத்திரியின் நுண்ணுயிரியல் லேபில் வேலை. ஒவ்வொரு வருடமும் ஹவுஸ் சர்ஜன்கள் மாறுகிறார்கள். ரத்தத்தில் கிருமி இருக்கிறதா என்று வளர்த்துப் பார்க்கும் கல்ச்சர் பாட்டிலில் வரும் தவறுகள் மாறுவதில்லை. பெயர் ஒட்டாதது, படிவம் நிரப்பாதது எல்லாம் ஒரு வாரத்தில் சரியாகிவிடும். அவற்றை விட்டுவிடுகிறேன்.

ஆன்டிபயாடிக் ஏற்றிவிட்டுக் கல்ச்சர் எடுப்பது

இன்றைக்கும் எனக்குக் கோபம் வருவது இதில்தான். உதறலோடு ஜுரம், பிரஷர் இறங்குகிறது. அவசரத்தில் செஃப்ட்ரியாக்சோன் என்ற ஆன்டிபயாடிக்கைப் போட்டுவிட்டு, அரைமணி கழித்து ரத்தம் எடுக்கிறார்கள். மருந்தில் அடிபட்ட கிருமி பாட்டிலில் வளராமல் போகலாம். 2019இல் வெளிவந்த வட அமெரிக்க ஆய்வு ஒன்றில், மருந்துக்கு முன் எடுத்த கல்ச்சரில் 31.4 சதவீதம் பேருக்குக் கிருமி வளர்ந்தது. அதே நோயாளிகளுக்கு மருந்து ஏறி இரண்டு மணி நேரத்துக்குள் எடுத்ததில் 19.4 சதவீதம்தான்.

கடலூர் பக்கமிருந்து ஒரு பெரியவரை ராத்திரியில் கொண்டுவந்தார்கள். சிறுநீர்த் தொற்று ரத்தத்தில் ஏறியிருந்தது போலத் தெரிந்தது. ரெஃபரல் சீட்டில் ‘ஊசி போடப்பட்டது’ என்று மட்டும் இருந்தது. என்ன ஊசி? “பவுடர் கலக்கிப் போட்டாங்க சார்” என்றார் மகன். கல்ச்சரில் ஒன்றும் வளரவில்லை. எந்த மருந்து கேட்கும் என்று தெரியாமல், மெரோபெனம் என்ற வீரியமான ஆன்டிபயாடிக் ஓடிக்கொண்டே இருந்தது. பிழைத்துவிட்டார். கிருமி எதுவென்று கடைசிவரை தெரியவில்லை.

சோதனையில் உறுதியான தொற்றுகளைப் பற்றி உலக சுகாதார நிறுவனம் 2025இல் தந்த அறிக்கைப்படி, ஈ.கோலை கிருமிகளில் 40 சதவீதத்துக்கு மேலும், கிளெப்சியெல்லா நிமோனியே கிருமிகளில் 55 சதவீதத்துக்கு மேலும் செஃப்ட்ரியாக்சோன் வகை மருந்துக்கு அடங்குவதில்லை. இந்த நிலையில் ஊகத்தை நம்பி எப்படி மருந்து எழுதுவது? மெரோபெனத்தைத் தேவைக்கு மேல் ஓட்டினால் அதற்கும் அடங்காத கிருமிதான் வார்டில் மிஞ்சும்.

நரம்பு கிடைக்கவே இல்லையென்றால் மருந்தைத் தள்ளிப்போடாதீர்கள். செப்சிஸ் ஷாக்கில் (தொற்றால் பிரஷர் விழுந்த நிலையில்) ஒரு மணி நேரத்துக்குள் மருந்து ஏறியாக வேண்டும். ஆனால் ரத்தம் எடுக்கச் சில நிமிடம் போதும். கல்ச்சர் பாட்டில் எமர்ஜென்சி டிராலியிலேயே இருக்கட்டும்.

மூன்று மில்லி எடுப்பது

பெரியவர்களுக்குப் பாட்டிலுக்கு 8 முதல் 10 மில்லி, இரண்டு இடத்தில் குத்தி இரண்டு செட் (ஒரு செட்டுக்கு இரண்டு பாட்டில்). பல நேரம் ஒரு மில்லி ரத்தத்தில் ஒரு கிருமிகூட இருக்காது.

பாட்டிலை ஃப்ரிட்ஜில் வைப்பது

கூடவே கூடாது.

துடைத்த ஈரத்திலேயே குத்துவது

தோலைத் துடைக்கும் கிருமிநாசினி குளோர்ஹெக்சிடின் காயட்டும். தோலில் இருக்கும் ஸ்டெஃபைலோகாக்கஸ் கிருமி பாட்டிலில் ஏறினால், தேவையே இல்லாமல் வேன்கோமைசின் என்ற ஆன்டிபயாடிக் ஓடும்.

சீட்டில் மருந்துப் பெயர் எழுதாதது

நர்ஸிங் ஹோம் டாக்டர்களுக்கு: மருந்தின் பெயர், அளவு, போட்ட நேரம் மூன்றையும் எழுதி அனுப்புங்கள்.