விரலை மடக்குங்கள்

ரம்புட்டான் காலம் வந்துவிட்டது. குலசேகரம் சாலையோரமெங்கும் சிவப்பாகக் குவித்து விற்கிறார்கள். போன வாரம் மார்த்தாண்டம் பஸ்ஸில் முன் இருக்கையில் இருந்த இளம் தாய் ஒருவர், தோலை உரித்துப் பழத்தை முழுதாக இரண்டு வயது மகன் வாயருகே கொண்டுபோனார். கையை நீட்டித் தடுத்துவிட்டேன். அவருக்குக் கோபம்தான். கொட்டையை நீக்கிச் சதையைக் கீறிக் கொடுத்த பிறகே எனக்குப் படபடப்பு அடங்கியது. செவிலியராக இருந்தும் நானே ஒரு காலத்தில் செய்த தவறு அது.

காசு, பட்டன், பாசிமணி தரையில் கிடக்கக் கூடாது என்பது எல்லாருக்கும் தெரியும். அதை விடுகிறேன். பிள்ளையின் தொண்டையில் ஏதாவது அடைக்கும்போது நாம் செய்கிற தவறுகளையும், கவனிக்காமல் விடுகிறவற்றையும்தான் இங்கே சொல்கிறேன்.

கண்ணுக்குத் தெரியாததை விரலால் தோண்டுவது

என் மகளுக்கு அப்போது இரண்டே கால் வயது. திண்ணையில் ரம்புட்டான் உரித்துக்கொண்டிருந்தேன். கலகலவென்று பேசிக்கொண்டிருந்தவளின் சத்தம் நின்றது. இருமல் இல்லை, அழுகை இல்லை. வாய் மட்டும் திறந்திருந்தது. சுட்டுவிரலை உள்ளே விட்டேன். வழுவழுவென்று ஏதோ நுனியில் பட்டது. வளைத்து இழுக்கப் பார்த்தேன். அது இன்னும் உள்ளே நழுவியது. அந்த நழுவல் இன்றும் என் விரலில் இருக்கிறது. உதடு நீலம் பாரித்தது.

"விரலை எடு மக்களே!" என்று அடுத்த வீட்டு அம்மச்சி ஓடிவந்தார். பிள்ளையைப் பறித்து மடியில் குப்புறப் போட்டு முதுகில் அறைந்தார். நான்காவது அடியில் பழம் முற்றத்தில் விழுந்தது.

இப்போது அங்கன்வாடிகளில் தாய்மாருக்கு முதலுதவி சொல்லித் தருகிறேன். அரை மணி நேரம் விளக்கிவிட்டுப் பொம்மையைக் கையில் கொடுத்தால், முதலில் வாய்க்குள் போவது விரல்தான். எனக்கு எரிச்சல் அடங்குவதே இல்லை. பிள்ளையின் மூச்சுக்குழாய் மிகக் குறுகலானது. சற்றே தள்ளினாலும் பாதி அடைப்பு முழு அடைப்பாகிவிடும். பொருள் கண்ணுக்குத் தெரிந்து, பிடிக்கவும் எட்டினால் மட்டும் எடுங்கள்.

பலமாக இருமினாலோ அழுதாலோ காற்று போய்வருகிறது என்று பொருள், இருமவிடுங்கள். சத்தமே எழாவிட்டால் காத்திருக்கக் கூடாது. ஒரு வயதுக்கு உட்பட்ட குழந்தையை முன்கையில் குப்புறக் கிடத்தி, தாடையைத் தாங்கி, தலை தாழ்ந்திருக்கும்படி பிடித்து, தோள்பட்டைகளுக்கு நடுவே உள்ளங்கையின் அடிப்பகுதியால் 5 முறை அடியுங்கள். வெளிவராவிட்டால் மல்லாக்கத் திருப்பி நெஞ்சின் நடுவே 5 முறை அழுத்துங்கள். ஒரு வயதைக் கடந்த பிள்ளை என்றால், முதுகில் 5 அடிக்குப் பிறகு பின்னால் மண்டியிட்டு, தொப்புளுக்குச் சற்று மேலே விரல்களை மடக்கிய கையை வைத்து, உள்ளே மேல்நோக்கி 5 முறை அழுத்த வேண்டும். பொருள் வெளிவரும்வரை மாற்றி மாற்றிச் செய்யுங்கள். உடனிருப்பவர் 108ஐ அழைக்கட்டும். நினைவு தப்பினால் சிபிஆர், அதாவது நெஞ்சை அழுத்தி வாயால் மூச்சு ஊதும் முதலுதவியைத் தொடங்க வேண்டும். கைக்குழந்தையின் வயிற்றை ஒருபோதும் அழுத்தாதீர்கள்.

தண்ணீர் கொடுப்பது

கூடவே கூடாது. சோற்று உருண்டையும் அப்படித்தான்.

காலைப் பிடித்துத் தலைகீழாகத் தூக்குவது

வேண்டாம்.

இருமல் நின்றதும் மறந்துவிடுவது

கடலையோ அண்டிப்பருப்போ (முந்திரி) மூச்சுக்கிளைக்குள் இறங்கித் தங்கினால் இருமல் அடங்கிவிடும். சில நாள் கழித்து இளைப்பு, காய்ச்சல் என்று திரும்பி வரும். எக்ஸ்ரேயில் கடலை பெரும்பாலும் தெரியாது. அன்றைக்குப் பிள்ளை திணறியதை நீங்கள் சொன்னால்தான் டாக்டருக்குச் சந்தேகமே வரும். நம் ஊரில் அண்டிப்பருப்பு, சக்கைக்கொட்டை (பலாக்கொட்டை), ஏத்தங்காய் உப்பேரி (நேந்திரங்காய் சிப்ஸ்) இல்லாத வீடில்லை. ஐந்து வயதுவரை பருப்பைப் பொடித்துக் கொடுங்கள், கொட்டையை வேகவைத்து மசித்துக் கொடுங்கள். திராட்சையை நீளவாக்கில் நான்காக நறுக்குங்கள்.

ஓடுகிற பிள்ளைக்குப் பின்னால் போய் ஊட்டுவது

உட்காரவைத்து ஊட்டுங்கள்.

கம்மல் திருகாணி

காது குத்திய குழந்தையைக் குளிப்பாட்டும்போதெல்லாம், திருகாணி இறுக்கமாக இருக்கிறதா என்று தொட்டுப் பாருங்கள். கழன்றால் வாய்க்குள் போய்விடலாம்.

பட்டன் பேட்டரி

காசு போல் தட்டையான இந்தச் சின்னப் பேட்டரி ரிமோட்டிலும் பாட்டுப் பாடும் பொம்மையிலும் இருக்கிறது. உணவுக்குழாயில் சிக்கினால் 2 மணி நேரத்துக்குள்ளேயே பொசுக்கிவிடும். வாந்தி எடுக்க வைக்காமல், விடியட்டும் என்று காத்திராமல், அந்த நிமிடமே மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு ஓடுங்கள்.