குதிக்கத் தெரியாத வண்டு: யோக்கூஸ் ஐலண்ட் எக்ஸ்பிரஸ் ஆடத் தொடங்குவது எப்படி?

சாகச கேம் எதையும் திறந்தவுடன் விரல் முதலில் தேடுவது குதிக்கும் பட்டனைத்தான். யோக்கூஸ் ஐலண்ட் எக்ஸ்பிரஸில் அந்தப் பட்டனே கிடையாது. நாயகன் யோக்கு ஒரு சாணி வண்டு. உடம்போடு ஒரு பந்து கயிற்றால் கட்டியிருக்கும். தரையில் அதை இடமும் வலமும் உருட்டிக்கொண்டு போகலாம், அவ்வளவுதான். மேலே ஏற வேண்டுமா, பள்ளம் தாண்ட வேண்டுமா, எல்லாவற்றுக்கும் தீவெங்கும் பதித்திருக்கும் பின்பால் ஃபிளிப்பர்கள்தான் வழி. பின்பால் என்பது சாய்ந்த மேசையில் உருளும் பந்தைக் கீழே விழவிடாமல் அடித்து ஆடும் எந்திர விளையாட்டு; பட்டனை அழுத்தினால் எழும்பும் அதன் சிறு துடுப்புகள்தான் ஃபிளிப்பர்கள். அவை பந்தை அடித்துத் தூக்கும். பந்தோடு யோக்குவும் பறப்பான்.

ஸ்வீடனைச் சேர்ந்த வில்லா கொரில்லா என்ற சின்ன ஸ்டூடியோ செய்த கேம் இது. ஜென்ஸ் ஆண்டர்சன், மத்தியாஸ் ஸ்னிக் இருவரும் தொடங்கிய நிறுவனம். 2018 மே மாதம் டீம்17 வெளியிட்டது. 2019இல் அறிமுகப் படைப்புக்கான பாஃப்டா (பிரிட்டிஷ் அகாடமி) விருதும் வாங்கியது. விருதுக்குத் தகுதியான கேம்தான். ஆனால் பலர் இதை ஆரம்பித்துவிட்டு முதல் ஒரு மணி நேரத்துக்குள் மூடிவிடுகிறார்கள். காரணம் எப்போதும் ஒன்றுதான்: இரண்டு பட்டன்களையும் மாறி மாறித் தட்டிக்கொண்டே இருப்பது. இந்தக் கேமில் தட்டுவதைவிடப் பிடித்து வைப்பதுதான் முக்கியம். அதை மனதில் வைத்துத்தான் கீழே உள்ள படிகளை எழுதியிருக்கிறேன். பின்பால் எந்திரத்தை நேரில் பார்த்திராதவர்களும் இவற்றைப் பின்பற்றலாம்.

படி 1: தயார் செய்துகொள்ளுங்கள்

விண்டோஸ் கணினி, நின்டெண்டோ ஸ்விட்ச், பிளேஸ்டேஷன் 4, எக்ஸ்பாக்ஸ் ஒன் ஆகியவற்றுக்கு வந்திருக்கிறது. கணினியில் கீபோர்டு வைத்தும் ஆடலாம். ஆனாலும் கன்ட்ரோலர் இருந்தால் அதையே எடுங்கள். பின்புறம் உள்ள இடது ட்ரிக்கர் பட்டன் ஒரு வகை ஃபிளிப்பருக்கு, வலது ட்ரிக்கர் இன்னொரு வகைக்கு. இரண்டு ஆள்காட்டி விரல்களும் இயல்பாக அங்கேதான் இருக்கும்.

தமிழ் மொழித் தேர்வு இல்லை. உரையாடல்கள் சின்னச் சின்ன ஆங்கில வரிகள்தான். குழந்தையோடு உட்கார்ந்தால் படித்துச் சொல்லிக்கொண்டே ஆடலாம்.

கதை எளிது. மோகுமானா என்ற தீவில் புதிய தபால்காரராக வந்து இறங்குகிறான் யோக்கு. தீவைக் காக்கும் தெய்வ விலங்கு தாக்கப்பட்டுக் காயத்தோடு கிடக்கிறது. கடிதம் கொடுக்கப் போகும் வழியிலேயே அதைக் குணப்படுத்தத் தேவையான தலைவர்களையும் கூட்டிச் சேர்க்க வேண்டும். மிச்சத்தை ஆடும்போது தெரிந்துகொள்ளுங்கள்.

படி 2: நிறத்தைப் பாருங்கள்

ஃபிளிப்பர்களும், யோக்குவைச் செங்குத்தாக மேலே எறியும் தட்டுகளும் இரண்டு நிறங்களில் இருக்கும். ஒரு நிறம் இடது பட்டனுக்கு, மற்றது வலது பட்டனுக்கு. முதல் சில நிமிடங்களில் எங்கும் அவசரமாகப் போகாமல், கண்ணில் படும் ஒவ்வொன்றையும் அழுத்திப் பாருங்கள். எந்த நிறத்துக்கு எந்த விரல் என்பது விரலுக்கே பழகிவிட வேண்டும்; யோசித்து அழுத்தினால் தாமதமாகிவிடும்.

இன்னொன்றையும் இப்போதே கவனியுங்கள். ஒரு பட்டனை அழுத்தினால் திரையில் தெரியும் அதே நிற ஃபிளிப்பர்கள் எல்லாமே சேர்ந்து எழும்பும். கீழே உள்ள ஃபிளிப்பரில் பந்து இருக்கும்போது மேலே உள்ள அதே நிற ஃபிளிப்பரும் தூக்கிக்கொள்ளும். சில அறைகளில் அது பந்தின் வழியை மறிக்கும், சில அறைகளில் உதவும். அறைக்குள் நுழைந்ததும் மேலிருந்து கீழ்வரை ஒரு முறை பார்வையை ஓட்டுங்கள்.

படி 3: அடிக்காதீர்கள், பிடியுங்கள்

இந்த விளக்கத்தில் ஒரே ஒரு படியைத்தான் படிக்க நேரம் இருக்கிறது என்றால் இதைப் படியுங்கள்.

இடது ஃபிளிப்பரை எடுத்துக்கொள்வோம். சும்மா இருக்கும்போது அது நடுப்பகுதியை நோக்கிக் கீழே சரிந்திருக்கும். அதன் மேல் விழும் பந்து உருண்டு நுனியைத் தாண்டி விழுந்துவிடும். பட்டனை அழுத்தி அப்படியே வைத்திருந்தால் ஃபிளிப்பர் மேல்நோக்கி நிற்கும், சரிவு திரும்பிவிடும். இப்போது பந்து நுனிப் பக்கம் போகாது. அடிப்பகுதிக்கு உருண்டு வந்து, ஃபிளிப்பருக்கும் பக்கச் சுவருக்கும் நடுவே உள்ள மடிப்பில் அடங்கி உட்காரும்.

ஆக, பந்து மெதுவாக ஃபிளிப்பரை நோக்கி வரும்போது அது வந்து சேருவதற்கு முன்பே பட்டனை அழுத்துங்கள். விரலை எடுக்காதீர்கள். பந்து ஒன்றிரண்டு முறை துள்ளி ஓய்ந்துவிடும்.

ஓய்ந்த பந்து உங்கள் கட்டுப்பாட்டில் இருக்கிறது. எங்கே அடிக்கலாம், எந்தச் சரிவு எந்தப் பாதைக்குப் போகிறது, மூலையில் அந்தப் பழங்கள் எப்படிக் கிடைக்கும் என்றெல்லாம் நிதானமாகப் பார்க்கலாம். யாரும் துரத்தவில்லை, கடிகாரமும் ஓடவில்லை. வேகமாக வரும் பந்தை முதல் முயற்சியிலேயே பிடிக்க முடியாது. மெதுவாக வருபவற்றை மட்டும் பிடித்துப் பழகுங்கள்.

விண்டோஸ் எக்ஸ்பி காலத்தில் கணினியோடு வந்த ஸ்பேஸ் கேடட் பின்பால் ஞாபகம் இருப்பவர்களுக்கு இந்த வித்தை கைவசம் இருக்கலாம். அதிலும் பந்தை இப்படியே பிடித்து வைக்கலாம். நம்மில் பலர் அப்போது தெரியாமலேயே விட்ட விஷயம் இது.

படி 4: எப்போது விட்டு, எப்போது அடிப்பது

பந்து மடிப்பில் அடங்கிவிட்டது. பட்டனை விடுங்கள். ஃபிளிப்பர் கீழே இறங்கும், பந்து நுனியை நோக்கி உருளத் தொடங்கும். அது உருளும் அந்தச் சிறு நேரத்தில் எந்தக் கணத்தில் மறுபடி அழுத்துகிறீர்கள் என்பதுதான் பந்து எங்கே போகும் என்பதைத் தீர்மானிக்கும்.

விதி இதுதான். சீக்கிரம் அடித்தால், அதாவது பந்து அடிப்பகுதிக்குப் பக்கத்தில் இருக்கும்போதே அடித்தால், அது ஏறக்குறைய நேர் மேலாகவோ ஃபிளிப்பர் இருக்கும் அதே பக்கமோ போகும். தாமதமாக, நுனியை நெருங்கிய பிறகு அடித்தால் எதிர்ப்பக்கத்துக்குக் குறுக்கே பாயும். இடது ஃபிளிப்பரிலிருந்து வலது ஓரத்துச் சரிவைத் தொட வேண்டும் என்றால் காத்திருந்து அடிக்க வேண்டும். நேர் மேலே உள்ள பாதைக்கு அதைவிடக் கொஞ்சம் முன்னால்.

வேகமும் இடத்தைப் பொறுத்தே அமையும். கதவைச் சாத்தும்போது கீல் பக்கம் மெல்ல நகர்கிறது, விளிம்பு வீசிக்கொண்டு வருகிறது இல்லையா, ஃபிளிப்பரும் அப்படித்தான். அடிப்பகுதியில் பட்ட அடிக்கு வலு குறைவு. உயரமான சரிவில் பந்து பாதி ஏறித் திரும்பி வந்தால், குறி சரி, வலு போதவில்லை என்று அர்த்தம். இன்னும் ஒரு கணம் பொறுத்து அடியுங்கள். ஆனால் மிகவும் நுனிக்குப் போய்விட்டால் பந்து நழுவிவிடும்.

ஒரு பயிற்சி சொல்கிறேன். ஆரம்பக் கடற்கரைப் பகுதியிலேயே இரண்டு ஃபிளிப்பர் உள்ள ஒரு சின்ன அறையைத் தேர்ந்தெடுங்கள். பந்தைப் பிடியுங்கள், விடுங்கள், சீக்கிரம் அடியுங்கள். எங்கே பட்டது என்று பாருங்கள். மறுபடி பிடித்து, கொஞ்சம் தாமதித்து அடியுங்கள். தவறினால் எந்தப் பக்கம் தவறியது என்பதை மட்டும் கவனியுங்கள். வேண்டிய இடத்துக்கு முந்தியே பட்டால் அடி சீக்கிரம் விழுந்திருக்கிறது. தாண்டிப் போனால் தாமதம். இந்த ஒரு கணக்கு கைவந்தால் தீவில் பெரும்பாலான அறைகள் திறந்துவிடும்.

படி 5: சும்மா விடவும் பழகுங்கள்

வேகமாக வந்து ஃபிளிப்பரில் மோதப் போகும் பந்தைப் பார்த்தவுடன் விரல் துடிக்கும். அழுத்தாதீர்கள். ஃபிளிப்பர் அசையாமல் இருந்தால், பந்து அதில் பட்டுத் துள்ளி எதிர்ப்பக்க ஃபிளிப்பருக்கு வேகம் குறைந்து போய்ச் சேரும். அங்கே மூன்றாம் படியில் சொன்னபடி பிடித்துக்கொள்ளலாம். பின்பால் ஆட்டக்காரர்கள் எந்திரங்களில் காலம் காலமாகச் செய்யும் உத்தி. இங்கேயும் அப்படியே வேலை செய்கிறது.

இரண்டு பட்டனையும் ஒரே நேரத்தில் அழுத்தும் பழக்கத்தையும் விடுங்கள். இரண்டு ஃபிளிப்பரும் ஒன்றாக எழும்பினால் நடுவில் உள்ள இடைவெளிதான் பெரிதாகிறது.

அப்படியும் விழுந்தால்? கீழே முட்கள் இருக்கும், கையிலிருக்கும் பழங்களில் கொஞ்சம் போகும், யோக்கு மறுபடி அறைக்குள் வந்துவிடுவான். உயிர் எண்ணிக்கை கிடையாது, ஆட்டம் முடிந்தது என்ற திரையும் கிடையாது. பின்பாலின் பழைய கண்டிப்பை இந்தக் கேம் வேண்டுமென்றே தளர்த்தியிருக்கிறது. எனக்கு இது மிகச் சரியான முடிவாகத் தோன்றுகிறது. விழுந்தால் எல்லாம் போய்விடும் என்ற பயம் இருந்தால் புதியவர் யாரும் ஓரத்து ரகசியப் பாதைகளைத் தொட்டுப் பார்க்கவே மாட்டார்.

படி 6: பழம்தான் பணம்

புதர்களை இடித்தால், பந்தைத் திருப்பி எறியும் பம்பர்களில் மோதினால், சின்னச் சின்ன வேலைகளை முடித்தால் பழம் கிடைக்கும். வழியில் சில இடங்களில் ஃபிளிப்பர் பூட்டியிருக்கும், இத்தனை பழம் வேண்டும் என்று எண் காட்டும். கொடுத்தால் திறந்துகொள்ளும், பிறகு அது எப்போதும் உங்களுக்குத்தான்.

பழப் பைக்கு ஓர் அளவு உண்டு. நிரம்பிய பிறகு எடுப்பதெல்லாம் வீண். அதனால் சேர்த்து வைக்காதீர்கள். பக்கத்தில் பூட்டிய ஃபிளிப்பர் இருந்தால் உடனே திறந்துவிடுங்கள். பின்னால் அதே வழியில் பலமுறை வரப்போகிறீர்கள், அப்போது அந்தக் குறுக்குவழி கைகொடுக்கும். பெரிய பை கிடைத்தால் விடவே கூடாது.

படி 7: எட்டாத இடத்தை நினைவில் வையுங்கள்

தீவு முழுக்க ஒரே தொடர்ச்சியான வரைபடம். கடற்கரை, காடு, பனிமலை, நீருக்கடியில் உள்ள பகுதிகள் எல்லாம் ஒன்றோடொன்று ஒட்டியவை. மெட்ராய்ட்வேனியா வகை கேம்கள் ஆடியிருந்தால் இந்த அமைப்பு பழகியது: இன்று போக முடியாத இடத்துக்கு நாளை ஒரு கருவி கிடைத்ததும் திரும்பி வர வேண்டும்.

முதலில் கிடைப்பது ஊதும் பீப்பி. தூங்குகிறவர்களை எழுப்ப, சில உயிரினங்களைக் கிளப்ப அதுதான். எங்கே என்ன செய்வதென்று தெரியாவிட்டால் ஒரு முறை ஊதிப் பாருங்கள். பிறகு வெடிக்கும் ஓடில்லா நத்தைகளை உறிஞ்சிப் பந்தில் ஒட்ட வைக்கும் கருவி வரும். வழியை அடைத்திருக்கும் பாறைகளை அதை வைத்து உடைக்கலாம். இன்னொன்று நீருக்குள் மூழ்கவிடும். பூக்களைப் பற்றிக்கொண்டு சுழன்று பாயும் திறன் கடைசிக் கட்டத்தில் கிடைக்கும்போது, அதுவரை ஃபிளிப்பரை மட்டுமே நம்பியிருந்த யோக்குவுக்கு முதல்முறையாகக் காற்றில் சொந்தமாக ஒரு வழி கிடைக்கிறது. கேமின் மிக அழகான பகுதி அதுதான் என்பேன்.

பாறை, தண்ணீர், எட்டாத பூ ஆகிய மூன்றையும் பார்க்கும்போதெல்லாம் வரைபடத்தைத் திறந்து இடத்தை மனதில் குறித்துக்கொள்ளுங்கள். ஒரு தாளில் எழுதினாலும் நல்லதே.

படி 8: வழி தெரியாமல் நின்றால்

வரைபடத்தில் எந்த வேலை எங்கே என்று குறி இருக்கும். ஆனால் குறி நேர்க்கோட்டில் பக்கத்தில் தெரிந்தாலும் பாதை சுற்றிக்கொண்டுதான் போகும். மேலே ஏற முடியவில்லை என்றால் கீழேயிருந்து வேறு நுழைவாயில் இருக்கிறதா என்று பாருங்கள். ஓர் அறையில் பலமுறை அடித்தும் கதவு திறக்கவில்லையென்றால் உங்கள் அடியில் குறை இல்லாமலும் இருக்கலாம். எல்லா விளக்குகளையும் தொட்டாயிற்றா, பீப்பி ஊத வேண்டிய ஆள் யாராவது மூலையில் இருக்கிறாரா என்று பாருங்கள்.

நீண்ட தூரம் திரும்பி நடப்பது சலிப்பு தரும். இந்தக் கேமின் உண்மையான குறை அது. பீலைன் என்ற வேகப் பயண வழி ஒன்று உண்டு. யோக்குவை ஒரு நிலையத்திலிருந்து அடுத்ததற்கு எறிந்துகொண்டே போகும். ஆனால் ஆரம்பத்தில் கிடைக்காது. அதுவரை ஒரு பகுதியில் இருக்கும்போதே அங்குள்ள வேலைகள் அனைத்தையும் முடித்துவிட்டு நகருங்கள்.

அடுத்து

பெரிய எதிரிகளோடு மோதுவதும் பின்பால் மேடையில்தான். புதிதாக எதுவும் கற்க வேண்டியதில்லை: பிடித்து, பார்த்து, அடிக்க வேண்டும். முக்கியக் கதை ஐந்தாறு மணி நேரத்தில் முடியும். ஒளிந்திருக்கும் விக்கர்லிங் என்ற குட்டி உருவங்களையும் மீதித் தபால்களையும் தேடினால் இன்னும் நீளும்.

இந்த வகை பிடித்துப்போனால் 2014இல் வந்த ரோலர்ஸ் ஆஃப் த ரெல்ம் ஆடிப் பாருங்கள். அதில் ஒவ்வொரு பந்தும் ஒரு கதாபாத்திரம்; வீரனின் பந்து கனமானது, மற்றவர்களுக்கு வேறு திறன்கள். 2019இன் கிரீச்சர் இன் த வெல் இன்னும் வேகமானது. அதில் ஃபிளிப்பர் கிடையாது, கையிலுள்ள ஆயுதத்தால் நீங்களே பந்துகளை அடிக்க வேண்டும். யோக்குவில் பிடிக்கப் பழகாமல் அதற்குள் போகாதீர்கள்.