சிறைப் பொறுப்பேற்கும் பெண் அதிகாரி தவிர்க்க வேண்டியவை

பூட்டைச் சரிபார்ப்பது, எண்ணிக்கை எடுப்பது எல்லாம் பயிற்சியிலேயே சொல்லிக்கொடுத்துவிடுவார்கள். ஆனால் புதிதாக வருகிறவர்கள் தவறாமல் விழும் குழிகள் வேறு. அவற்றில் ஒன்று இன்னும் எரிச்சலூட்டுகிறது.

சாதி பார்த்து பிளாக் ஒதுக்குவது

பாளையங்கோட்டை மத்தியச் சிறையில் சாதிவாரியாகப் பிரித்து அடைப்பது பழைய வழக்கம். அமைதிக்காகத்தான் என்பார்கள். உயர் நீதிமன்றம்கூட ஒரு வழக்கில் அதை ஏற்றது. 2024 அக்டோபர் 3 அன்று உச்ச நீதிமன்றம் அதை மறுத்து, இப்படிப் பிரிப்பது அரசியலமைப்புக்கு விரோதம், கைதிகள் பதிவேட்டில் சாதிக் கட்டமே இருக்கக்கூடாது என்றது.

கட்டத்தை நீக்கிவிட்டு வேலை முடிந்ததாக நினைக்கிறார்கள். அட்மிஷன் மேசையில் வார்டர் கேட்பது இரண்டே கேள்வி: "எந்த ஊருலே? எந்தத் தெரு?" நெல்லைப் பக்கம் அதுவே போதும். அதிலும் பிடிபடவில்லையென்றால், மணிக்கட்டில் கட்டியிருக்கும் கயிற்றின் நிறம் சொல்லிவிடும். முதல் வாரமே அந்த மேசைக்குப் பக்கத்தில் உட்காருங்கள். பதிவேட்டில் பெயருக்குப் பக்கத்தில் பென்சில் குறி கிடக்கிறதா என்றும் புரட்டிப் பாருங்கள்.

சாதி பிளாக் என்றால் அதற்கு ஒரு பெரிய மனுசன் முளைப்பான். குழாயடியும் படுக்கிற இடமும் அவன் சொல்படி. வார்டரும் அவனிடமே பேசுவார். பிறகு உங்கள் உத்தரவு அவனைத் தாண்டித்தான் உள்ளே போகும். பிரித்து வைத்தால் ரத்தம் சிந்தாது என்பதும் பொய்க்கணக்கு. 2021 ஏப்ரலில், கிளைச் சிறையிலிருந்து மாற்றப்பட்டு வந்த விசாரணைக் கைதி இதே சிறைக்குள்தான் கொல்லப்பட்டார்.

கேட்க வேண்டியது பகையை. எந்த ஸ்டேஷன், என்ன வழக்கு, உடன் கைதானவர் யார், எதிர்த்தரப்பு ஆள் உள்ளே இருக்கிறாரா, யாரைக் கண்டு பயம். பதில் வந்த பிறகே பிளாக். எதிரிகளை வெவ்வேறு பிளாக்கில் வைத்து, மனு (உறவினர் சந்திப்பு) பார்க்கும் நேரத்தையும் கோர்ட் வண்டியையும் பிரியுங்கள். கலந்து வைப்பதை ஒரே நாளில் செய்யாமல், சமையற்கட்டு, வகுப்பு, தறி என்று வேலையிடத்தில் தொடங்கி, மும்மூன்று பேராக மாற்றுங்கள். செப்டம்பர் 11 (இம்மானுவேல் சேகரன் நினைவு நாள்), அக்டோபர் 30 (தேவர் ஜெயந்தி) நெருங்கும் வாரங்களில் யாரையும் நகர்த்த வேண்டாம்.

புகார்ப் பெட்டிச் சாவியை வார்டரிடம் கொடுப்பது

தில்லி திகார் சிறையில் 1993 முதல் 1995 வரை பொறுப்பிலிருந்த கிரண் பேடி, பூட்டிய பெட்டியைக் கைதிகளிடமே கொண்டுபோக வைத்தார். பிளாக் வாசலில் ஆணியடித்து மாட்டினால் வார்டர் கண்ணெதிரே எவனும் சீட்டுப் போடமாட்டான். சாவி உங்கள் மேசையில் இருக்கட்டும்.

'பொம்பளை அதிகாரிதானே' என்ற பேச்சுக்குப் பதில் சொல்வது

வேண்டாம். குரலை உயர்த்தினால் அதுவே அவர்களுக்குத் தீனி.

மகளிர் சிறைக் குழந்தைகளை எண்ணாமல் விடுவது

கொக்கிரகுளமானாலும் வேறெங்கானாலும், ஆறு வயதுவரை தாயோடு இருக்கும் பிள்ளைக்குப் பாலும் தடுப்பூசியும் தனிக்கணக்கு.

நாள் கணக்கை வக்கீலிடம் விடுவது

பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா (புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டம்) பிரிவு 479-இன்படி, விசாரணைக் கைதிகளில் இதற்கு முன் தண்டனையே பெறாதவர் அதிகபட்சத் தண்டனையில் மூன்றில் ஒரு பங்கும், மற்றவர் பாதியும் உள்ளே கழித்திருந்தால், விடுவிக்கச் சொல்லி நீதிமன்றத்துக்கு எழுத வேண்டியது சிறைக் கண்காணிப்பாளர்தான். சாதாரணத் திருட்டுக்கு அதிகபட்சம் 3 ஆண்டு; முன் தண்டனை இல்லையென்றால் ஓராண்டில் மனு போயிருக்க வேண்டும். மரண, ஆயுள் தண்டனைக் குற்றங்களுக்கும், வேறு வழக்கும் நிலுவையில் உள்ளவருக்கும் இது பொருந்தாது. பெரும்பாலும் தவறுவது தொடக்க நாளில். ஸ்ரீவைகுண்டம் கிளைச் சிறையில் நான்கு மாதம் இருந்துவிட்டு வந்தவருக்கு, பாளையங்கோட்டைக்கு வந்த தேதியிலிருந்து எண்ணினால் நான்கு மாதம் கூடுதலாகக் கிடப்பார். முதல் ரிமாண்ட் தேதியை அட்டையின் மேல் மூலையில் சிவப்பில் எழுதி, மாதம் ஒருமுறை அடுக்கிப் பாருங்கள்.