சபைக்குள் குழந்தை பாதிக்கப்பட்டது தெரிந்தால்: யார்மீது வழக்கு வரும், என்ன செய்ய வேண்டும்

கோயில், மடம், சர்ச், மதரசா, ஜெபவீடு எதுவானாலும் இந்தியாவில் குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டம் ஒன்றுதான். 18 வயது நிரம்பாதவர்மீது பாலியல் குற்றம் நடந்தது தெரிந்தும் போலீசில் சொல்லாமல் இருப்பதே தனிக் குற்றம். சாதாரண உறுப்பினருக்கு 6 மாதம் வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும். தனக்குக் கீழே இருப்பவர் செய்ததைப் பொறுப்பாளர் மறைத்தால் ஓராண்டு வரை சிறையும் அபராதமும் (பிரிவு 21).

நிர்வாகங்கள் மாட்டிக்கொள்வது பெரும்பாலும் "முதல்ல நாமே விசாரிப்போம்" என்பதில்தான். கமிட்டி கூடிய மினிட்ஸ் புத்தகத்தின் தேதியே, அன்றைக்கே உங்களுக்குத் தெரியும் என்பதற்குச் சாட்சியாகிவிடும். தகவல் தெரிந்தவருக்குத் துப்புத் துலக்கும் கடமை இல்லை என்று 2018-ல் ஒரு கேரள வழக்கில் சுப்ரீம் கோர்ட் தெளிவுபடுத்தியது. தெரிந்ததைச் சொன்னால் போதும். பாவசங்கீர்த்தனத்தில் (பாதிரியாரிடம் ரகசியமாகப் பாவ அறிக்கை செய்வதில்) கேட்டதற்குக்கூட, புகார் சொல்லும் கடமையை விதிக்கும் பிரிவு 19-ல் விதிவிலக்கு எழுதப்படவில்லை.

உள்ளூர் காவல் நிலையத்துக்கோ மகளிர் காவல் நிலையத்துக்கோ போங்கள். குழந்தைகள் உதவி எண் 1098 உதவிக்கு நல்லது. ஆனாலும் புகார் போலீசில் பதிவாக வேண்டும். குழந்தை சொன்னதை அதன் வார்த்தையிலேயே எழுதிக் கொடுங்கள். போலீஸ் அதைப் படித்துக் காட்டி, பதிவு எண் தர வேண்டும். பதிவு செய்ய மறுக்கும் அதிகாரிக்கும் பிரிவு 21 பொருந்தும், அப்போது எஸ்.பி.க்குப் பதிவுத் தபாலில் அனுப்புங்கள்.

குழந்தையை ஆபீஸ் ரூமில் உட்கார வைத்து ஆள் மாற்றி ஆள் கேட்காதீர்கள். பின்னால் குறுக்கு விசாரணையில் "சொல்லிக்கொடுத்து வந்த சாட்சி" என்று அடிப்பார்கள். வாக்குமூலம் வாங்குவது போலீஸ் வேலை. அதுவும் குழந்தையின் வீட்டிலோ அது விரும்பும் இடத்திலோ, சீருடை இல்லாமல், இயன்றவரை பெண் எஸ்.ஐ. வாங்க வேண்டும்.

சிசிடிவி காட்சிகளைச் சேமிக்கும் டிவிஆர் கருவி பழைய பதிவை அழித்து மேலே எழுதிக்கொண்டே இருக்கும். அன்றே நிறுத்தி, போலீசிடம் ஒப்படைத்து ரசீது வாங்குங்கள். அறைப் பதிவேடு, விடுதி வருகைப்பதிவு, வாட்ஸ்அப் உரையாடல் எதையும் திருத்தவோ அழிக்கவோ கூடாது.

குற்றம் சாட்டப்பட்டவரை வேறு ஊருக்கு மாற்றுவது புகார் கொடுத்ததாகாது. மறைத்ததற்கு அடையாளமாகத்தான் நிற்கும். பெற்றோரிடம் பத்திரத்தில் கையெழுத்து வாங்கினாலும் வழக்கு ஓயாது. போக்சோ குற்றங்கள் சமரசத்துக்கு உரியவை அல்ல. மத நிறுவன நிர்வாகியோ ஊழியரோ அங்குள்ள குழந்தையிடம் பாலியல் வல்லுறவு போன்ற கடும் குற்றம் செய்தால் குறைந்தபட்சத் தண்டனையே 20 ஆண்டு.

நல்லெண்ணத்தோடு சொன்னவர்மீது வழக்குப் போட முடியாது (பிரிவு 19(7)). குழந்தையின் பெயர், படம், பள்ளி எதையும் சபை அறிவிப்பிலோ குழுக்களிலோ போடாதீர்கள். வழக்கு நடக்கும்போதே சிறப்பு நீதிமன்றத்தில் இடைக்கால இழப்பீடு கேட்கலாம். தீர்ப்புவரை காத்திருக்க வேண்டியதில்லை.